வராதவனின் புள்ளி

தமிழாசிரியனாகிய எனக்குக் கணினிமொழியிலே நாட்டம் உண்டாக்கியவன் என் பழைய மாணவன் ஒருவன். சுவீடனில் எரிக்சன் நிறுவனத்தார் தொலைபேசித் துறைக்கென 1986 இல் ஆக்கத் தொடங்கிய எர்லாங் மொழியை அவனே கற்பித்தான்.

“மாறிகளின் வகையை முன்கூட்டிச் சொல்லவேண்டியதில்லை, ஐயா” என்றான். வேற்றுமையா அல்வழியா என்றறியாமற் சொற்களைப் புணர்த்துவதெங்ஙனம் என்று நகைத்தேன். வகை மதிப்பினுள்ளேயே உறைகின்றதாம். தொகுப்பி, ‘பீம்’ என்னும் மெய்நிகர் இயந்திரத்துக்கான கட்டளைகளை ஆக்கித்தரும். கூட்டல் வந்தவிடத்து அவ்வியந்திரம் மதிப்பின் கடைசி நான்கு பிட்டுகளை நோக்கும். நான்கும் 1 ஆயின் அது சிறு முழுவெண்.

தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்ட அம்மொழியில் நிரலொன்று எழுதினேன். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு தனிச் செயன்முறை. ஒருவனுக்குப் புள்ளிக்குப் பதிலாக ‘வரவில்லை’ என்னுஞ் சொல்லை இட்டிருந்தேன். தொகுப்பி தடுக்கவில்லை. ஓடும்போது அவனுடைய செயன்முறை மட்டும் முறிந்தது. ஏனையோர் கணக்குகள் செவ்வனே முடிந்தன. பிழையறிக்கையிலே கூட்டற்குறியின் அருகில் அச்சொல் நின்றது.

முந்திய ஆண்டில், கையாற் கூட்டியபோது, அத்தகைய வெற்றிடமொன்றைப் பூச்சியமாகக் கொண்டு, நோயுற்றிருந்த பிள்ளையைச் சித்தியடையாதவனாக்கியவன் யான். தகப்பனார் வந்து கேட்கும்வரை அதனை அறிந்திலேன்.

அன்று மாலையே இவன் வீட்டுக்குச் சென்றேன். டெங்குக் காய்ச்சலிற் படுத்திருந்தான். மீள்பரீட்சைக்கு நாள் குறித்துத் திரும்பினேன்.