கீழப்பாவூரில் ஒரு கடலை மிட்டாய்

குற்றாலத்து அருவியில் குளித்து எழுந்தவர்களுக்கு உலகத்துப் பசியெல்லாம் ஒன்று சேர்ந்து வரும் என்பது அனுபவஸ்தர்கள் அறிந்த விஷயம். அந்தப் பசியுடன்தான் நாம் தென்காசியைத் தாண்டி, பாவூர்ச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, கீழப்பாவூர் போய்ச் சேர்ந்தோம். பதினாறு திருக்கரங்களுடன் எழுந்தருளியிருக்கும் நரசிம்மரைத் தரிசித்துவிட்டு, குளக்கரைக் காற்றை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தோம்.

ஒரு சிறு கடையில் கண்ணாடி ஜாடி நிறையக் கடலை மிட்டாய். "கோவில்பட்டிக் கடலை மிட்டாய்" என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"கோவில்பட்டியிலிருந்து வருகிறதா, அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

கடைக்காரர் சிரித்தார். "இங்கன பக்கத்துலதான் போடுதாவ, ஐயா. அந்தப் பேரைச் சொன்னாத்தானே விக்குது!"

மிட்டாய் ருசியாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் யாருடையது? வேர்க்கடலையையும் வெல்லப்பாகையும் தாமிரபரணித் தண்ணீரையும் கொண்டு கோவில்பட்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்பாதித்த பெயர் அல்லவா? அவ்வூர் உற்பத்தியாளர் சங்கம் 2014-ல் மனுச் செய்து, 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயர் தனி முதலாளி ஒருவரின் சொத்தல்ல. ஊரின் பொதுச் சொத்து. இதற்கான இந்தியச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் அமுலுக்கு வந்தது. பதிவு அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. முதன்முதல் பதிவானது டார்ஜிலிங் தேயிலை.

கடல் கடந்தால் கதை வேறு. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் 'டிரிப்ஸ்' ஒப்பந்தம் 1995-ல் அமுலுக்கு வந்தது. அதன் 22-வது ஷரத்து எல்லாப் பண்டங்களுக்கும் பொது. ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்றோ, அநியாயப் போட்டி நடக்கிறது என்றோ காட்டினால்தான் பரிகாரம் கிடைக்கும். 23-வது ஷரத்தோ திராட்சை மதுவுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டுமே. அதன்படி, சில விலக்குகள் நீங்கலாக, வேற்றூர் மதுவுக்கு "ஷாம்பேன் மாதிரி" என்று எழுதுவதும் கூடாது. ஒருவருமே ஏமாறாவிட்டாலும் கூடாது!

மதுவுக்கு இரட்டை வேலி. தேயிலைக்கும் அரிசிக்கும் ஒற்றை வேலி! கள்ளுண்ணாமையைப் போற்றும் நம் நாட்டாருக்கு இதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்? எல்லாப் பண்டங்களுக்கும் இரண்டாம் வேலி வேண்டும் என்று இந்தியா முதலிய நாடுகள் வெகு காலமாக வாதாடி வருகின்றன.

ஆனால் 24-வது ஷரத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சொந்த நாட்டில் பாதுகாக்கப்படாத பெயரை அயல் நாடு பாதுகாக்க வேண்டிய கடமை இல்லை. வீட்டில் வேலியில்லாமல் வெளியே வழக்காடிப் பயன் என்ன?

"அண்ணாச்சி, இந்த மிட்டாய்க்கு உங்கள் ஊர்ப் பெயரையே வையுங்களேன்" என்றோம்.

"கீழப்பாவூர் மிட்டாயின்னா யாரு வாங்குவா, ஐயா?"

"கோவில்பட்டிக்காரர்களும் முதல் நாள் அப்படித்தான் கவலைப்பட்டிருப்பார்கள்."

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. சீட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நாம் இன்னும் கால் கிலோ வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். பாவூர்ச்சத்திரம் சந்தையில் கேரளத்துக்குப் போகும் காய்கறி மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு மூட்டையிலாவது ஊரின் பெயரைக் காணோம்.