சவர்க்காரம் வழுக்கும், அளவைத் திருத்தாது



வாடைக்காலம் முடிந்து கடல் அமர்ந்துவிட்டது. இனி செப்டம்பர் வரை எங்கள் வாலிபர்கள் சங்குக்கும் அட்டைக்கும் சுழியோடப் போவார்கள். சிலர் புறாமலைப் பக்கம் உல்லாசப் பயணிகளோடு இறங்குவார்கள். எங்களிடம் படித்து வெளியேறிய பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியோடு வந்தார்கள்: "சேர், டைவிங் சூட் ஏறுதில்ல. எண்ணெ பூசினா ஏறுமா?"

சின்ன விடயம்தானே என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2021 நவம்பர் 23ஆம் திகதி படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. தண்ணீரில் இறங்குகிற பிள்ளை கேட்கும் எந்தக் கேள்வியும் எங்களுக்குச் சின்னதல்ல. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம்.

முதலில், அந்த உடை ஏன் இவ்வளவு இறுக்கம்? நம் பக்கத்துத் தம்பலகாமக் குடாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே முத்துச் சிப்பி எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சுழியோடிகளுக்கு இடுப்புத் துணிதான் உடை. இப்போதைய சூட், 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹியூ பிராட்னர் என்ற பௌதிகவியலாளர் யோசித்து உருவாக்கியது. நியோப்பிரீன் என்பது உள்ளே நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்த செயற்கை ரப்பர். உடல் சூட்டை வெளியே விடாமல் காப்பது அந்தக் குமிழ்கள்தான். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துவிடும். உடை தொளதொளவென்று இருந்தால் குளிர்ந்த நீர் உள்ளே வந்து வந்து போகும். ஆகவே உடலோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

ஒட்டி இருப்பதால் ஏற்றுவது கஷ்டம். ஆரம்பகால சூட்டுகளில் உட்புறத் துணி கிடையாது, வெறும் ரப்பர். அதனால் உடம்பெல்லாம் பவுடர் பூசித்தான் உள்ளே போனார்கள். பிறகு நைலோன் துணி ஒட்டி வந்ததால் கொஞ்சம் இலகுவானது.

இப்போது கேள்விக்கு வருவோம். எண்ணெய் பூச வேண்டாம். வாஸ்லினும் வேண்டாம், என்ஜின் ஒயில் பக்கமே போக வேண்டாம். எண்ணெய்ப் பசை நாள்பட்டால் ரப்பரையும் பொருத்துகளில் உள்ள பசையையும் கெடுத்துவிடும். கையும் வழுக்கும், படகின் தட்டும் வழுக்கும்.

தண்ணீரில் கரையும் வழுவழுப்புதான் சரி. குழந்தைகளுக்குப் பாவிக்கும் ஷம்பு அல்லது தலைக்குப் போடும் கண்டிஷனரில் கொஞ்சம் எடுத்து, ஒரு போத்தல் நல்ல தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். சூட்டின் உட்புறம் குதிக்கால், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு வரும் இடங்களில் தெளியுங்கள். காலில் ஒரு சொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டு நுழைத்தால் பாதி வேலை முடிந்தது. கால் வெளியே வந்ததும் பேக்கைக் கழற்றி அடுத்த காலுக்கு, பிறகு கைகளுக்கு. அந்த பேக்கைக் கடலில் விடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்று: ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் போகாதே. இங்கேயும் அதுதான். கணுக்கால் சரியாக இருந்த பிறகு முழங்கால், பிறகு தொடை, பிறகு இடுப்பு. இடுப்பில் சரியாக உட்காராமல் கையை நுழைத்தால் தோளில் இழுக்கும், பின் சிப் பூட்டாது. நகத்தால் இழுத்தால் ரப்பர் கிழியும். விரல் நுனிச் சதையால் மடித்து மடித்து ஏற்றுங்கள். சிப் பூட்ட இன்னொருவரைக் கூப்பிடுவதில் வெட்கம் இல்லை. கரையில் தாய்மார், பிள்ளைகள் நிற்கும் இடமென்றால் இறங்கும்வரை மேலே ஒரு சாரனைக் கட்டிக்கொள்ளுங்கள். அது நம் பழக்கம், உடைக்கும் ஒரு குறையும் வராது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். ஷம்பு போட்டால் உங்களுக்குச் சின்னதான சூட்டும் ஏறிவிடும். ஏறிவிட்டது என்பதால் அது உங்கள் அளவாகிவிடாது. எங்கள் பிள்ளைகள் வாங்குவது பெரும்பாலும் ஒருவர் பாவித்துக் கழித்த சூட். விலையைப் பார்க்கிறார்கள், அளவைப் பார்ப்பதில்லை. கழுத்து அளவுக்கு மீறி இறுகினால், கழுத்தின் இரு பக்க இரத்தக் குழாய்களில் அமுக்கம் விழும். இரத்த அமுக்கம் கூடிவிட்டதென்று உடல் தவறாக எடுத்துக்கொண்டு இதயத் துடிப்பைக் குறைக்கும். தலை சுற்றும், மயக்கமும் வரலாம். தரையில் மயங்கினால் தண்ணீர் தெளித்து எழுப்பலாம். கடலுக்கடியில் யார் எழுப்புவது? நெஞ்சு இறுகினால் ஒவ்வொரு மூச்சும் உழைப்பாகிவிடும்.

கரையிலேயே பரீட்சை வையுங்கள். சிப் பூட்டிய பிறகு இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். குந்தி எழும்புங்கள். நெஞ்சு நிறைய மூச்செடுங்கள். கழுத்துக்குள் ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு அந்த உடை வேண்டாம். எங்கள் கடல் இந்த மாதங்களில் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். குளிர்நாட்டுக்காரர் போடும் 7 மில்லிமீற்றர் தடிப்பு இங்கே தேவையில்லை. அளவான 3 மில்லிமீற்றர் போதும். அதுவும் கிடைக்காவிட்டால், குறைந்த நேரம் ஆழமில்லாத இடத்தில் இறங்குவோருக்கு உடலோடு ஒட்டிய முழுக்கை உடையே கல்லுக்கும் சொறிக்கும் ஓரளவு காவல்.

திரும்பி வந்ததும் சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகன் சூட் வாங்கக் காசு கேட்டால், அது அவன் அளவா, அவனுக்குச் சுழியோட முறையாகச் சொல்லிக் கொடுத்தது யார் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அனுபவமுள்ள நானாமாரே, சின்னவர்கள் உடுத்தும்போது பக்கத்தில் நின்று கழுத்தை ஒரு தடவை பாருங்கள்.

கடலுக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளையும் அல்லாஹ் நல்லபடியாக வீடு சேர்ப்பானாக. ஆமீன். இதை உங்கள் வீட்டு வாலிபர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.