ஆனைமலை ரோட்டில் ஓர் ஆசாரிப் பட்டறை

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை. மண்வெட்டிக்குக் காம்பு போடப் போனவன், அங்கிருந்த மெஷினைப் பார்த்து நின்றுவிட்டேன்.

மேசைக்கால், பழைய டிரெய்லரில் அறுத்தெடுத்த ஆங்கிள். மோட்டார், தீவனம் வெட்டும் மெஷினில் கழற்றிய 2 ஹெச்.பி சிங்கிள் பேஸ். ஒரே ஷாஃப்டில் ஒரு முனையில் 10 அங்குல ரம்பம், நடுவில் இழைக்கும் கட்டர், மறுமுனையில் துளை போடும் சக். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. அதில் 6 அங்குல புல்லி, ஷாஃப்டில் 3 அங்குலம் என்பதால் ரம்பம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது.

என் கண் நின்றது சுவிட்ச் இருக்கவேண்டிய இடத்தில். அங்கே பம்புசெட் ஸ்டார்ட்டர்!

ஆசாரி இடது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. “முன்னாடி சாதா சுவிட்ச்தானுங்க. கரண்ட் போச்சுன்னு சிராயை எடுக்கக் கை விட்டேன். அந்நேரம் பார்த்து வந்துருச்சு.”

ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் உள்ளே காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். கிணற்று மோட்டாருக்கு நாம் ஆட்டோ போட்டுவிட்டுத் தூங்குகிறோமே, அந்த ஆட்டோ மட்டும் இதில் கூடவே கூடாது.

ரம்பத்துக்குப் பின்னால் ஒரு தகடும் நிறுத்தியிருக்கிறார். அறுத்த கட்டை வாய் மூடி, ரம்பத்தைக் கவ்வி, ஆள் மேல் எகிறாமல் இருக்க.

கருவேலங் காம்பு கால் மணி நேரத்தில் கைக்கு வந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஸ்டார்ட்டர் ஞாபகத்துக்கு வந்தது.