பிறந்த மாவட்டம் எது?

எங்கள் மூத்தவளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் யாழ்ப்பாண மாவட்டம் என்றிருக்கிறது. இளையவனுடையதில் கிளிநொச்சி மாவட்டம். இருவரும் பிறந்தது பரந்தனில்தான். 1996இல் இங்கு வந்து படிவம் நிரப்பியபோது, "ஏன் இந்த வித்தியாசம்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் திகைத்து நின்றோம். பொய் சொல்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

விடயம் இதுதான். 1984 பெப்ரவரியில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்தே கிளிநொச்சி மாவட்டத்தை உருவாக்கினார்கள். மூத்தவள் அதற்கு முன் பிறந்தவள், இளையவன் பின்.

நாங்கள் குடியேறிய நியூ ஜேர்சியிலும் இதே கதைதான். இன்று வயலும் பண்ணையுமாய்க் கிடக்கும் ஹண்டர்டன் கவுண்டி, 1714இல் பேர்லிங்டனிலிருந்து பிரிந்தபோது மிகப் பெரியது. 1739இல் மொரிஸ் பிரிந்துபோனது. தலைநகர் ட்ரென்டனும் 1838இல் மேர்சர் கவுண்டி உருவாகும்வரை ஹண்டர்டனில்தான் இருந்தது. 1830இல் ட்ரென்டனில் காணி வாங்கியவரின் உறுதியை ஹண்டர்டனின் பழைய பதிவேட்டில்தான் தேடவேண்டும். அடுத்த முறை இந்த உதாரணத்தைச் சொன்னோம், உடனே விளங்கிக்கொண்டார்கள்.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். இன்றைய பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். மாவட்டம் பிரிந்த ஆண்டை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்: ஊர் கேட்டால் முதலில் பரந்தன் என்று சொல்லுங்கள், மாவட்டம் பிறகு.