விதியும் நடுவரும்

தமிழில் 'விதி' என்னும் சொல் இருபொருள் தருவது. மனிதன் தனக்கென வகுத்துக்கொண்ட ஒழுங்கையும் அது குறிக்கும். அவன் கைக்கு எட்டாத ஊழையும் அது குறிக்கும். விளையாட்டுத் திடலில் நிற்கும் ஆட்டக்காரனுக்கு இவ்விருபொருளும் ஒரே கணத்தில் ஒன்றாகிவிடுவதுண்டு. நடுவர் தம் கையை உயர்த்தும் கணம் அது.

தொல்காப்பியமும் நன்னூலும் நடத்தும் ஆசிரியருக்கு விளையாட்டுத் திடலில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் பெரியோர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடை நம் தமையனார் மகனிடம் இருக்கிறது. அவர் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் பொறியாளராகப் பணிபுரிகிறார். விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது, ஓரிரவு தம் மடிக்கணினியை நம் முன் வைத்து, "சாச்சா, கிரிக்கெட்டை மட்டும் பார்த்தது போதும். இந்தப் பேஸ்பால் விதிப் புத்தகத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். நீங்கள் நடத்துகிற நூற்பா மாதிரியே இருக்கும். உரை இல்லாமல் விளங்காது" என்றார். விளையாட்டாகப் படிக்கத் தொடங்கினோம். அதன் முடிவில் நம் வாழ்வின் பழைய கணக்கு ஒன்றைத் தீர்க்க வேண்டிவரும் என்று அன்று நாம் எண்ணவில்லை.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. அணிக்கு ஒன்பது பேர். ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று. சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள். ஒன்றுக்கொன்று 90 அடி தொலைவு. அடிப்பவர் பந்தை அடித்துவிட்டு ஓடி, நான்கு தளங்களையும் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம். ஒவ்வொரு சுற்றிலும் மூவர் ஆட்டமிழந்தால் அணியின் முறை முடிந்தது. இவ்வளவு எளிய ஆட்டத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய விதிநூல் என்னும் ஐயமே நம்மை உள்ளே இழுத்தது.

'முன்' என்னும் ஒரு சொல்

அடித்தவர் முதல் தளத்தைத் தொடுவதற்கு முன், பந்தைக் கையில் கொண்ட எதிரணியினர் அத்தளத்தையோ அவரையோ தொட்டுவிட்டால் அவர் ஆட்டமிழப்பார் என்கிறது ஒரு விதி. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தால்? பந்து 'முன்' வரவில்லை. ஆகவே ஓடியவர் தப்பினார் என்று பொருள் கொள்ளலாம்.

இனி மற்றொரு விதி. பின்னால் வருபவருக்கு இடம்விட்டு அடுத்த தளத்துக்கு ஓடியே ஆகவேண்டிய நிலையில் உள்ளவர், பந்து தளத்தைத் தொடுவதற்கு முன் அதனை அடையத் தவறினால் ஆட்டமிழப்பார் என்று நெடுங்காலம் கூறிவந்தது அது. இங்கும் இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தால்? அவர் 'முன்' அடையவில்லை, ஆகவே ஆட்டமிழந்தார்!

ஒரே 'முன்', அது நிற்கும் இடம் மாறியதும் தீர்ப்பே தலைகீழாகிவிடுகிறது. 'சமமானால் ஓடுபவருக்கே' என்று பார்வையாளர் கூட்டம் காலங்காலமாகக் கூவி வருகிறது. அப்படி ஒரு வாக்கியம் விதிநூலில் இல்லவே இல்லை. சமம் என ஒன்று இல்லை, முன் அல்லது பின் என்பதே உண்டு என்று கொண்டு தீர்ப்பளிப்பதே நடுவர்களின் வழக்கம். வேற்றுமையும் இடைச்சொல்லும் வெறும் மதிப்பெண்ணுக்கான பாடம் என்று எண்ணும் மாணவர் இவ்விரு விதிகளையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்தல் நலம்.

விதியின் உள்ளக்கிடக்கை

சில விதிகள் ஏன் பிறந்தன என்று அறிந்தாலன்றி அவற்றின் பொருள் விளங்காது. உயரே எழும்பிய பந்து எளிதாகப் பிடிக்கத்தக்கதாக உட்களத்தில் இறங்குகிறது. முதல் இரு தளங்களிலும் ஓட்டக்காரர் நிற்கின்றனர். பந்து பிடிபடும் என எண்ணி அவர்கள் நகராதிருப்பர். அப்போது தடுப்பவர் வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டால், இருவரையும் ஓடச் செய்து, ஒருவருக்கு இருவரை வீழ்த்திவிடலாம். இச்சூழ்ச்சியைத் தடுக்க 1890களில் ஒரு விதி பிறந்தது. இருவர் ஆட்டமிழக்காத நிலையில், 'இயல்பான முயற்சியால்' உட்கள வீரர் ஒருவர் பிடிக்கத்தக்க பந்து எனில், அது பிடிபட்டாலும் படாவிட்டாலும் அடித்தவர் ஆட்டமிழந்தவரே. 1975இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட இதழ் இவ்விதியின் தோற்றத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரையே வெளியிட்டது.

ஆனால் இயல்பான முயற்சி என்பது எது? 2012 அக்டோபர் 5ஆம் நாள் அட்லாண்டாவில், தோற்பவர் வெளியேற வேண்டிய ஓர் ஆட்டத்தில், உட்களத்தைத் தாண்டி வெகுதூரம் இடப்புற வெளிக்களத்தில் இறங்கிய பந்துக்கு நடுவர் சாம் ஹோல்புரூக் இவ்விதியைப் பொருத்தினார். பந்து பிடிபடவில்லை, அடித்தவர் ஆட்டமிழந்தார். சினங்கொண்ட கூட்டம் புட்டிகளை வீசியெறிய, ஆட்டம் 19 மணித்துளி நின்றது. அட்லாண்டா அணி 6-3 எனத் தோற்றது. அதன் முறையீடும் தள்ளப்பட்டது. நடுவர் விதியைத் தவறாக விளக்கினால் முறையிடலாம். தம் கண்ணால் கண்டு கணித்ததை எதிர்த்து முறையிட இயலாது என்பதே அந்நாளைய நெறி. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நமக்கு அது தேவைப்படும்.

விதியின் தவறான விளக்கத்துக்குப் புகழ்பெற்ற சான்று 1983 சூலை 24இல் நியூயார்க்கின் யாங்கி அரங்கில் நிகழ்ந்தது. கான்சாசு நகர அணியின் சியார்ச்சு பிரெட் ஒன்பதாம் சுற்றில் ஓங்கி அடித்த அடியில் இரண்டு ஓட்டங்கள் கிட்டின. 3-4 எனப் பின்தங்கியிருந்த அவ்வணி 5-4 என முன்னேறியது. உடனே யாங்கி அணியின் மேலாளர் பில்லி மார்ட்டின் வந்து மட்டையைச் சுட்டினார். பிடி வழுக்காதிருக்க மட்டையில் பைன் மரக் கீலைப் பூசுவது வழக்கம். அப்பூச்சு அடியிலிருந்து 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. தளத்தின் அகலம் 17 அங்குலம். நடுவர்கள் மட்டையைத் தளத்தின் மீது கிடத்தி அளந்தனர். பூச்சு தாண்டியிருந்தது. நடுவர் டிம் மெக்லேலண்டு பிரெட் ஆட்டமிழந்தார் என்றார். வெற்றி தோல்வியாயிற்று. பிரெட் வெறிகொண்டவர் போல் ஓடிவந்த காட்சி இன்றும் காணக்கிடைக்கிறது.

முறையீடு, அக்குழுமத்தின் தலைவர் லீ மெக்ஃபைல் முன் சென்றது. அவர் விதியின் எழுத்தோடு நின்றுவிடாமல் அதன் காரணத்தைத் தேடினார். கீல் பட்டால் பந்து கறைபட்டு வீணாகும்; அச்செலவைத் தவிர்க்கவே அவ்விதி எழுந்தது. கீல் பூசியதால் பந்து கூடுதல் தொலைவு பறப்பதில்லை. ஆகவே மட்டையை விலக்கியிருக்க வேண்டும். அடித்த அடியைச் செல்லாததாக்கியிருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். ஆகத்து 18இல் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கான்சாசு நகர அணி 5-4 என வென்றது. அன்றும் மார்ட்டின் விடவில்லை. அன்றைய நடுவர்கள் புதியவர்கள். பிரெட் தளங்களைத் தொட்டே ஓடினார் என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர் என்று வினவினார். நடுவர் டேவ் பிலிப்சு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எல்லாத் தளங்களும் தொடப்பட்டன என முந்தைய நடுவர்கள் கையொப்பமிட்டு உறுதிசெய்த வாக்குமூலம் அது!

நூற்பாவின் சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு ஆசிரியன் கருத்தை விட்டுவிடுபவன் நல்ல உரையாசிரியன் ஆகான். தொல்காப்பியர் மரபியலின் இறுதியில் 32 உத்திகளை வகுத்துவைத்தது, நூலைப் படைப்பவனுக்கும் பொருள் கொள்பவனுக்கும் வழி தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே.

அழுத நடுவர்

அடுத்த இரவு நம் தமையனார் மகன் தம் நகரத்து ஆட்டம் ஒன்றைக் காட்டினார். 2010 சூன் 2, டெட்ராயிட் நகரம். வெனிசுவேலா நாட்டவரான அர்மாண்டோ கலராகா என்னும் இளைஞர் பந்தெறிகிறார். எதிரணியின் 26 பேர் அடுத்தடுத்து ஆட்டமிழந்துவிட்டனர். ஒருவர்கூட முதல் தளத்தைப் பற்றவில்லை. இருபத்தேழாமவரும் வீழ்ந்தால் அது 'முழுநிறை ஆட்டம்'. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் அதற்கு முன் 20 முறை மட்டுமே நிகழ்ந்த அருஞ்செயல் அது. இருபத்தேழாமவர் அடித்த பந்து கலராகாவின் கைக்கு வந்து, அவர் காலும் தளத்தை மிதித்துவிட்டது. ஓடியவர் ஓரடியேனும் பின்தங்கியிருந்தார். ஆயினும் நடுவர் சிம் சாய்சு, தப்பினார் என்று கைகளை விரித்தார்.

கலராகா நடுவரை நோக்கினார், புன்னகைத்தார், மீண்டும் பந்தெறியச் சென்றார். அவ்வளவே. அடுத்தவரை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார்.

இருபதாண்டுக்கு மேல் அனுபவமுடைய நடுவர் சாய்சு, ஆட்டம் முடிந்ததும் படப்பதிவைக் கண்டார். ஒளியவில்லை, சாக்குச் சொல்லவில்லை. அவ்விளைஞரின் அருஞ்செயலைத் தாம் பறித்துவிட்டதாக எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். கலராகாவைக் கண்டு கண்ணீரோடு மன்னிப்பு வேண்டினார். மறுநாள் அதே திடலில் அவரே தலைமை நடுவர். ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் அளிக்கும் பணியைக் கலராகா ஏற்று நடந்துவந்தார். பட்டியலை வாங்கிய நடுவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு இன்றுவரை மாற்றப்படவில்லை. 2014 முதல் இத்தகைய தீர்ப்புகளைப் படப்பதிவு கொண்டு மீளாய்வு செய்யும் முறை விரிவாக வந்தது. எறியப்பட்ட பந்து எல்லைக்குள் சென்றதா என்பதில் ஐயம் எழுந்தால் கருவியின் துணையை நாட, 2026 பருவம் முதல் வழி செய்யப்பட்டுள்ளது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

நம் தீர்ப்பு

பல ஆண்டுகளுக்கு முன் கல்லூரிகளுக்கிடையே நடந்த பேச்சுப் போட்டியொன்றில் நாம் தலைமை நடுவராக அமர்ந்திருந்தோம். 'ஏழு மணித்துளிக்குள் பேச்சை முடித்தல் வேண்டும். மிகுந்தால் போட்டியிலிருந்து விலக்கப்பெறுவர்' என்பது விதி. எளிய குடும்பத்து மாணவி ஒருத்தி மேடையேறினாள். உருவில் சிறியவள், ஒலிவாங்கியோ உயர்ந்து நின்றது. அதனைத் தாழ்த்த ஆள் வந்து, திருகு இறுகி, ஏறத்தாழ ஒரு மணித்துளி கழிந்தது. பிறகு அவள் பேசிய பேச்சு அன்று கேட்டவற்றுள் தலைசிறந்தது. ஆனால் நாம் அவள் பெயரை அழைத்த கணமே கடிகாரத்தை இயக்கியிருந்தோம். முடிவில் அது ஏழைத் தாண்டிக் காட்டியது. விலக்கினோம்.

அவள் நம் முன் வந்து நின்று, "ஐயா, ஏழு மணித்துளி எப்போதிலிருந்து?" என்று மட்டும் வினவினாள். விதித்தாளில் அதற்கு விடை இல்லை என்பது அக்கணமே நமக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் சுற்றி நின்றோர் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தனர். தாளின் கடைசி வரியை எடுத்துச் சொன்னோம்: "நடுவர் தீர்ப்பே இறுதியானது." அவள் கண் கலங்கி, தலைகுனிந்து சென்றாள்.

எப்பேச்சு சிறந்தது என்பது நடுவரின் கணிப்பு. அதில் அவ்வரி செல்லும். காலம் எப்போது தொடங்குகிறது என்பதோ விதியின் விளக்கம். அதில் நாம் தவறினோம். தவற்றை மறைக்க அவ்வரியைக் கேடயமாக்கிக்கொண்டோம். நடுவு நிலைமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதனை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற நாம் செய்த செயல் இது.

விடிந்ததும் அம்மாணவி பயின்ற கல்லூரியின் தமிழாசிரியர் வழியே முகவரி பெற்றுக் கடிதம் எழுதினோம். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதி, தவறு நம்முடையது, பரிசு உன்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று முடித்தோம். எழுதும்போது கை கூசியது உண்மை. ஆசிரியர் மாணவியிடம் மன்னிப்பு வேண்டுவதா என்று மனம் தடுத்ததும் உண்மை.

மூன்று வாரம் கழித்து விடை வந்தது. அவர் இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியை. கடிதத்தில் ஒரு பகுதியை அவர் இசைவுடன் இங்குத் தருகிறோம்: "ஐயா, அன்று நான் அழுதது பரிசுக்காக இல்லை. நான் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லையே என்றுதான் அழுதேன். விடை இப்போது வந்துவிட்டது. என் வகுப்பில் யார் கேள்வி கேட்டாலும் நான் அன்றைய நாளை நினைத்துக்கொள்வேன்."

அன்பு மாணவர்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் குடும்பத் தலைவராகவும் பிறர்மீது தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமர்வீர்கள். எவ்வளவு தெளிவாக எழுதினாலும் விதியில் ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அவ்விடைவெளியில் நின்று ஒருவர் உங்களிடம் வினவும்போது, தாளின் கடைசி வரியைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

நம் துறை நடத்தும் போட்டிகளின் விதித்தாளில் இவ்வாண்டு ஒரு தொடரைச் சேர்த்திருக்கிறோம்: 'பேச்சாளர் முதற்சொல்லைக் கூறிய பின்னரே காலம் கணக்கிடப்பெறும்.' அச்சிட்டு வந்த தாளில் முதற்படியை அவ்வாசிரியைக்கு அனுப்பிவைத்தோம்.