மழை சோதிக்கும் இணைப்பு

சென்ற ஐப்பசியில் ஒரு மழை இரவு. பென்னாகரத்தை அடுத்த கிராமத்தில் என் தாயார் நோயுற்றிருந்தார். தருமபுரியில் இருந்த எனக்குத் தங்கை விடுத்த அழைப்புகள் யாவும் பாதியிலேயே அறுந்தன. மழை பெய்தாலே அவ்வூரில் அப்படித்தான். விடிந்த பிறகே செய்தி கிடைத்தது. அல்லாஹ்வின் அருளால் தாயார் நலமடைந்தார்.

சில நாட்கள் கழித்து, முன்பு என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் மஃரிப் தொழுகைக்குப் பின் சந்தித்தார். கைப்பேசிக் கோபுரங்களில் ஏறிக் கேபிள் பொருத்துவது அவரது தொழில். என் குறையைச் சொன்னேன்.

"நேரில் பார்க்காமல் காரணம் சொல்ல முடியாது ஹஜ்ரத். ஆனால் மழையில் மட்டும் பழுது என்றால், நாங்கள் முதலில் இணைப்புகளைத்தான் சோதிப்போம்" என்றார்.

அவர் விளக்கியது இது. கோஆக்சியல் கேபிளின் நடுவே செம்புக் கடத்தி. அதைச் சுற்றி நுரை போன்ற காப்புப் பொருள். அதன்மேல் செம்பு உறை. வெளியே கறுப்புத் தோல். பழைய கோபுரங்களில் அடியிலிருந்து உச்சி ஆன்டெனா வரை இதுவே செல்லும். புதியவற்றில் ரேடியோ கருவியே மேலே இருப்பதால் ஒளியிழை ஏறுகிறது. ஆன்டெனாவுக்கு மட்டும் சிறு கோஆக்சியல் துண்டுகள். எதுவாயினும் இணைப்பில் நீர் புகுந்தால் அலையின் ஒரு பகுதி ஆன்டெனாவை அடையாமல் திரும்பிவிடும். ஆகவே இணைப்பின்மேல் டேப், பியூட்டைல் ரப்பர், மீண்டும் டேப் எனச் சுற்றுவார்கள். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே செல்ல வேண்டும். அப்போதுதான் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரை வடித்துவிடும்.

பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னார்: "தொழிலுக்கு வந்த புதிதில் ஒருநாள், இருட்டுகிறதே என்ற அவசரத்தில் ரப்பர் சுற்றாமல் டேப்போடு இறங்கிவிட்டேன். மீட்டர் சரியாகவே காட்டியது. மழைக்காலம் முடிந்து ஏறிப் பிரித்தால், செம்பு பச்சை பூத்திருந்தது."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், அரபியின் இரண்டு 'ஹா' எழுத்துகளையும் பிரித்து ஓதத் தெரியாத மாணவர் ஒருவரை, ஆண்டுத் தேர்வு நெருங்கியதால் தேர்ச்சி பெற்றவராக எழுதி அனுப்பினேன். என் மீட்டரும் அன்று சரியாகவே காட்டியது! கடந்த ரமளானில் அவர் தராவீஹ் தொழுவித்தபோது அதே பிழையைக் கேட்டேன். அவரை அழைத்துத் திருத்த வெட்கப்பட்டு வாளாவிருந்தேன்.

செய்யும் செயலைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் நேசிக்கிறான் என்ற நபிமொழியை எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! கோபுர உச்சியில் மேற்பார்வையாளர் இல்லை. மதரஸா அறையில் என்னைக் கேட்பாரும் இல்லை. இரண்டும் அமானிதமே.

மறுநாளே அம்மாணவரிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். இப்போது ஃபஜ்ருக்குப் பின் இருவரும் அமர்ந்து எழுத்து எழுத்தாக ஓதுகிறோம். பிரித்துச் சுற்றுவது, முதலில் சுற்றுவதைவிடக் கடினம்.

எவர் கண்ணுக்கும் படாத வேலையையும் செவ்வனே முடிக்கும் பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.