புகைக்குள் ஒரு செங்கதிர்

காப்பெலில் கடல் இல்லை. கப்பலைக் காண வேண்டுமாயின் கால்வெஸ்டன் வரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் காரில் செல்ல வேண்டும். ஆயினும் சென்ற குளிர்காலத்தில் எங்கள் உணவு மேசைமீது ஒரு துறைமுகம் விரிந்து கிடந்தது.

தமிழ்ப்பள்ளி வகுப்பில் ஓர் ஓவியத்தைப் பற்றி எங்கள் மகள் பேச வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனே 1872-இல் வரைந்த ‘மனப்பதிவு, சூரியோதயம்’ படத்தை எடுத்துக் கொடுத்தோம். அவள் முகம் சுளித்தாள். "ஒரே புகையாக இருக்கிறதே அம்மா! இதை ஏன் வரைந்தார்?"

அது லெ ஆவ்ர் துறைமுகம். மொனே வளர்ந்த ஊர். விடுதிச் சன்னல் வழியே அவர் கண்டவை புகைபோக்கிகள், பாரந்தூக்கிகள், பனிமூட்டம், சிறு படகுகள், ஒரு செங்கதிர். 1870–71 போரில் தோற்ற பிரான்சு மீண்டெழுவதை அதில் காண்போர் உண்டு. ஒரு விடியலின் அமைதியை மட்டுமே காண்போரும் உண்டு. 1874-இல் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது அதன் தலைப்பை ஒரு விமர்சகர் எள்ளி நகையாடினார். அந்த எள்ளலே ‘இம்ப்ரெஷனிசம்’ என்னும் இயக்கத்துக்குப் பெயராயிற்று.

நம் டெக்சாசு மாநிலப் பல்கலைக்கழக வானியலறிஞர் டொனால்டு ஆல்சன், கதிரவனின் நிலை, கடலின் ஏற்றவற்றம், வானிலைக் குறிப்புகள் ஆகியவற்றை ஆராய்ந்து, அக்காட்சி 1872 நவம்பர் 13 காலை 7.35 மணி அளவினதாகலாம் எனக் கணித்தார்.

வகுப்புக்காக அப்படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தோம். கதிரவனைக் காணோம்! மகள் திகைத்தாள். வானமும் கதிரவனும் ஏறத்தாழ ஒரே ஒளியளவு கொண்டவை. வேறுபாடு நிறத்தில் மட்டுமே என்று விளக்கினோம். அவள் நெடுநேரம் இரு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உங்கள் ஊரிலும் இப்படிப் புகை உண்டா?"

எங்கள் ஊர் தூத்துக்குடி. அவளுக்கு நாங்கள் கூறியவை திருவிழாவும் பாட்டி வீட்டு முற்றமும் மட்டுமே. துறைமுகத்தையும், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும், நிலக்கரித் தூசு படிந்த வெள்ளைச் சட்டையோடு வேலை முடிந்து வரும் தாத்தாவையும் நாங்கள் கூறியதே இல்லை. அழகானதை மட்டும் கொடுப்பதாக எண்ணி, அவளுக்குக் கறுப்பு வெள்ளை நகலையே கொடுத்திருந்தோம்.

அன்றிரவு அனைத்தையும் கூறினோம். அடுத்த வாரம் வகுப்பில் அவள் மொனேயைப் பற்றிச் சில நிமிடங்களே பேசினாள். எஞ்சிய நேரமெல்லாம் தாத்தாவின் சட்டையைப் பற்றிப் பேசினாள்.